வெளுத்த பவளமெல்லாம் செத்த பவளமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பத்து நாளைக்கு முன் கடல்நீர்த் தொட்டியில் வைத்த அக்ரோபோரா என்ற கிளைப் பவளம் பால்போல வெளுத்துவிட்டது. எடுத்து எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். அது எந்த வெள்ளை என்று முதலில் பாருங்கள். பம்புகளை நிறுத்திவிட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்து, ஒரு கிளையின் நடுப்பகுதியைப் பூதக்கண்ணாடியில் கவனியுங்கள். எலும்பின்மேல் கண்ணாடிபோல மெல்லிய சதை போர்த்தியிருக்கிறதா? வாயும் விரல்களுமாகப் பவளத்தின்மேல் இருக்கும் சின்னச் சின்னப் பாலிப்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா? அப்படியானால் அது வெறும் வெளுப்பு. பவளத்தின் சதைக்குள் ஸூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. பவளத்தின் பழுப்பு நிறமும் சாப்பாட்டில் பெரும்பங்கும் அதிலிருந்துதான் வருகின்றன. சூடோ வெளிச்சமோ தாங்காமல் போனால் பவளம் அந்தப் பாசியை இழந்துவிடுகிறது. வீட்டில் ஆள் இருக்கிறது, அடுப்புதான் எரியவில்லை.

மாறாக, சதை நூல்நூலாகத் தொங்கி, அடியில் வெறும் சுண்ணாம்பு எலும்பு தெரிந்து, உயிருள்ள பகுதிக்கும் செத்த பகுதிக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல எல்லை இருந்தால், அது சதை உரிதல். மெதுவாக நடப்பதை எஸ்டிஎன் (ஸ்லோ டிஷ்யூ நெக்ரோசிஸ்) என்றும், சில மணி நேரத்தில் முழுப் பவளத்தையும் முடித்துவிடுவதை ஆர்டிஎன் (ரேப்பிட் டிஷ்யூ நெக்ரோசிஸ்) என்றும் சொல்வார்கள். ஆர்டிஎன்னில் யோசிக்க நேரம் கிடையாது. அந்த எல்லைக் கோட்டிலிருந்து குறைந்தது 1 செ.மீ. உயிருள்ள பக்கமாகத் தள்ளி வெட்டுங்கள். நல்ல கிளையை மட்டும் சூப்பர் க்ளூ ஜெல் வைத்துப் பவளத் துண்டு வைக்கும் சின்ன அடிக்கல்லான புது ஃபிராக் கல்லில் ஒட்டுங்கள். மிச்சத்தை வெளியே எடுத்துவிடுங்கள்.

உங்களுடையது வெளுப்பு என்றால், புது எல்இடி விளக்கின்மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். வந்த நாளிலேயே மேல்தட்டில் வைத்திருப்பீர்கள். விளக்கின் அளவைப் பாதியாகக் குறையுங்கள், அல்லது பவளத்தைத் தொட்டியின் அடியில் நிழலான இடத்துக்கு இறக்குங்கள். பிறகு வாரத்துக்கு 5 சதவீதம் வீதம் ஏற்றினால் போதும். பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் பார் மீட்டர் கையில் இருந்தால், அக்ரோபோராவுக்குக் கடைசி இலக்கு 200 முதல் 350. டார்ச் கோரல், ஹேமர் கோரல் போன்ற எல்பிஎஸ் வகைக்கு, அதாவது பெரிய பாலிப் கொண்ட கல்பவளங்களுக்கு, 75 முதல் 150 போதும். வெப்பம் 25–26 டிகிரி செல்சியஸில் நிற்கட்டும். ஹீட்டரின் முகப்பில் தெரியும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி ஒன்று வைத்துப் பாருங்கள்.

பாசி இல்லாத பவளம் பட்டினியில் இருக்கிறது. அதனால் நைட்ரேட்டைச் சுழியத்துக்குத் துடைத்து வைக்காதீர்கள். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் இருக்கட்டும். வாரம் இரண்டு தடவை, விளக்கணைந்து பாலிப் நீண்டபின், பொடியான பிளாங்க்டன் உணவு கொடுங்கள். நிறம் திரும்பச் சில வாரங்களாகும், சில மாதங்கள்கூட ஆகலாம். அதுவரை 'இங்கே நன்றாக இருக்குமோ, அங்கே நன்றாக இருக்குமோ' என்று தினம் இடம் மாற்றினால் அதிலேயே செத்துவிடும்.

கேள்வி: டார்ச் கோரலின் ஒரு தலையில் பழுப்பு நிறத்தில் சளிபோல ஏதோ படிந்திருக்கிறது. நேற்றைவிட இன்று அதிகம். பஞ்சு பிரஷ்ஷால் துடைத்துவிடலாமா?

துடைக்கவே கூடாது. ஊதிவிடவும் கூடாது. இது பிரவுன் ஜெல்லி. பிய்ந்து மிதக்கும் ஒவ்வொரு துணுக்கும் பக்கத்துத் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சளியை நுண்ணோக்கியில் பார்த்தால் அழுகும் சதைக்கு நடுவே சிலியேட் என்ற ஒருசெல் உயிரிகள் மொய்த்துக்கொண்டிருப்பது தெரியும். பாக்டீரியாவும் கூட்டு. வெளியே எடுத்தால் குடலைப் பிரட்டும் நாற்றம் அடிக்கும். அந்த நாற்றமே பாதி அடையாளம்.

முதலில் எல்லா அலை பம்புகளையும் நிறுத்துங்கள். மெல்லிய காற்றுக்குழாய் ஒன்றைச் சைஃபனாக்கி, ஜெல்லியை ஒரு வாளிக்குள் உறிஞ்சுங்கள். அந்தத் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பக் கூடாது. பிறகு பவளத்தைத் தொட்டித் தண்ணீர் உள்ள டப்பாவுக்கு மாற்றுங்கள். டார்ச்சின் ஒவ்வொரு தலைக்கும் தனி எலும்புக் கிளை இருப்பது நமக்குச் சாதகம். நோயுள்ள தலையை 2–3 செ.மீ. கீழே, எலும்பில் வைத்து போன் கட்டரால் வெட்டிக் கழித்துவிடலாம். சுவர்போல ஒரே சதையாக வளரும் ரகத்தில் இந்த வசதி இல்லை. அங்கே நோயுள்ள பகுதியைத் தாண்டி நல்ல சதையில்தான் வெட்டவேண்டும், பிழைப்பதும் அரிது.

மிச்சத் தலைகளுக்கு அயோடின் டிப், அதாவது மருந்து கலந்த நீரில் முக்கி வைப்பது. புதிதாகக் கலந்து, வெப்பமும் உப்பும் தொட்டியோடு ஒத்துப்போகும் உப்புநீரில், லிட்டருக்கு 5 முதல் 10 சொட்டு 5 சதவீத லூகால் அயோடின். 10 முதல் 15 நிமிடம். வேறு டப்பாவில் சுத்த உப்புநீரில் அலசி, முடிந்தால் தனித் தொட்டியில் ஒரு வாரம் வையுங்கள். தினமும் பாருங்கள், மறுபடி ஜெல்லி தெரிந்தால் மறுபடி வெட்டு.

ஏன் வருகிறது என்றால், பெரும்பாலும் ஒரு காயத்திலிருந்துதான். இந்தப் பவளத்தின் எலும்பு விளிம்பு பிளேடுபோல நிற்கும். நேரடியாக அலை அடித்தால் சதை அந்த விளிம்பிலேயே உராய்ந்து கிழிகிறது. கடையிலிருந்து வரும் பயணத்தில் நசுங்கினாலும் அதே கதைதான். விரல்கள் காற்றில் நாற்று அசைவதுபோல ஆடவேண்டும். ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் அலை அதிகம்.

கேள்வி: லெதர் கோரல் என்ற மென்பவளம் எட்டு நாளாகப் பாலிப் விரிக்கவில்லை. மேலே மெழுகு பூசியதுபோலப் பளபளக்கிறது.

தோல் உரிக்கிறது, அவ்வளவுதான். ஒன்றிரண்டு வாரம் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். அதன்மேல் கொஞ்சம் அலை பட வையுங்கள், படலம் தானாகக் கழன்று போகும். கையால் உரிக்க வேண்டாம். கருத்து, கொழகொழத்து, நாறும் பகுதி இருந்தால் மட்டும் கூரான பிளேடால் நல்ல சதைவரை வெட்டி எடுங்கள். உரிக்கும் நாட்களில் ஆக்டிவேட்டட் கார்பன் ஓடட்டும். லெதர் வகைகள் தண்ணீரில் விடும் ரசாயனம் பக்கத்துப் பவளங்களுக்கு ஆகாது.

கேள்வி: ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரின் கார்பனேட் இருப்பு, டிகேஎச் என்ற அலகில் 6 இருந்தது. சமையல் சோடா கலந்து ஒரே நாளில் 10க்குக் கொண்டுவந்தேன். மூன்றாம் நாள் எஸ்பிஎஸ் எனப்படும் சின்னப் பாலிப் கல்பவளங்களின் கிளை நுனியெல்லாம் தீய்ந்ததுபோல வெள்ளையாகிவிட்டது. தொட்டி 200 லிட்டர், நைட்ரேட் சுழியம்.

6 என்பது உங்கள் பவளத்துக்குக் கஷ்டம். ஆனால் அதைக் கொல்லப் பார்த்தது ஒரே நாளில் ஏறிய அந்த 4. நைட்ரேட் சுழியமாக இருக்கும் தொட்டியில் ஆல்கலினிட்டி குதித்தால் நுனி எரிவது வழக்கம். எலும்பு வேகமாக வளர, அதைப் போர்த்தச் சதையிடம் சத்து இல்லை என்பதுதான் இதற்குப் பொதுவாகச் சொல்லும் விளக்கம்.

இப்போது அமிலம் ஊற்றி இறக்கப் பார்க்காதீர்கள். சோடா போடுவதை நிறுத்துங்கள், பவளங்களே எடுத்துக்கொண்டு இறக்கிவிடும். 8க்கு வந்ததும் அங்கேயே பிடித்து நிறுத்துங்கள். மீனுக்கு உணவைக் கொஞ்சம் கூட்டி, நைட்ரேட் 2 பிபிஎம்முக்கு மேல் தெரியும்படி பாருங்கள்.

கணக்கு இதுதான்: 100 லிட்டர் தண்ணீரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் சமையல் சோடா. கல், மணல் கழித்து உங்கள் தொட்டியில் நிஜமாக 170 லிட்டர் தண்ணீர் இருந்தால், 1 டிகேஎச்சுக்கு 5 கிராம் சொச்சம். ஒரு நாளில் அரை டிகேஎச் ஏற்றுவது நிம்மதி, 1 என்பது உச்சவரம்பு. ஆர்ஓ தண்ணீரில் முழுக்கக் கரைத்து, வடிகட்டி இருக்கும் துணைத் தொட்டியான சம்பில் நீரோட்டம் உள்ள இடத்தில் மெதுவாக விடுங்கள். கால்சியம் கரைசலையும் இதையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஊற்றினால், இரண்டும் சேர்ந்து வெள்ளைத் தூளாக இறங்கிவிடும், பவளத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

தினம் எவ்வளவு போடுவது என்று தெரியவேண்டுமா? இரண்டு நாள் எதுவும் போடாமல், தொடக்கத்திலும் முடிவிலும் அதே மணிக்கு ஆல்கலினிட்டியை அளந்து, வித்தியாசத்தை இரண்டால் வகுங்கள். அதுதான் உங்கள் தொட்டியின் ஒரு நாள் செலவு. கால்சியம் 400–450, மக்னீசியம் 1250–1350 பிபிஎம் இருந்தால் அவற்றைச் சீண்டவேண்டாம்.

கேள்வி: மான்டிபோரா என்ற கல்பவளத்தை டிப் செய்துதான் போட்டேன். மூன்று வாரத்தில் வெள்ளைப் பூச்சி மறுபடி வந்துவிட்டது.

டிப் பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. நீங்கள் பூச்சி என்பது மான்டிபோரா தின்னும் நூடிபிராங்க், ஓடில்லாத கடல் நத்தை; 2–3 மில்லிமீட்டர்தான் இருக்கும். தட்டுபோன்ற பவளத்தைத் திருப்பிப் பிடித்தால், அரித்த வெள்ளைத் திட்டின் ஓரத்தில் பூச்சியும் முட்டைக் கொத்தும் உட்கார்ந்திருக்கும். அக்ரோபோராவில் வரும் தட்டைப்புழுவும் இப்படித்தான். கிளையின் அடியில், சதை போன எலும்பின்மேல், பழுப்பு முட்டைகளை ஒட்டிவைத்துவிட்டுப் போகும்.

ஆகவே கடையிலிருந்து வரும் அடிக்கல்லைக் கழற்றி எறியுங்கள். முட்டையைப் பிளேடால் சுரண்டுங்கள், முடியாத இடத்தை வெட்டுங்கள். டிப்பை வெள்ளை டப்பாவில் செய்து, பிப்பெட்டால் பவளத்தின்மேல் பீய்ச்சிக்கொண்டே இருந்தால் உதிர்வது அடியில் தெரியும். பிறகு 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை, நான்கு முதல் ஆறு வாரம் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நடுவே பொரித்து வரும் குஞ்சு முட்டையிடும் முன் அடுத்த டிப் விழவேண்டும். தொட்டியில் வேறு மான்டிபோரா இருந்தால் அதுவும் வெளியே வரவேண்டும், இல்லாவிட்டால் அத்தனை வேலையும் வீண்.

கேள்வி: கல்லில் கூட்டமாக வளரும் ஸோவாந்திட் பாலிப்கள் மூடியே இருக்கின்றன. ஒட்டியிருக்கும் கல்லை வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவலாமா?

கூடாது. ஸோவாந்திட், பாலிதோவா வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். வெந்நீர் ஊற்றினாலோ கொதிக்கவைத்தாலோ ஆவியோடு மூச்சில் ஏறி, வீட்டிலிருக்கும் எல்லாரையும் படுக்கவைத்துவிடும். தொடுவதென்றால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வேலை தண்ணீருக்குள் நடக்கட்டும், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று வேண்டாம். தொட்டபின் வாயில் உலோகச் சுவை, நடுக்கம், மூச்சுத்திணறல், கண்ணெரிச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய் 'பாலிடாக்ஸின்' என்ற பெயரைச் சொல்லுங்கள்.

மூடியிருப்பதற்கு ஒரு காரணம் அதன் மடிப்பில் ஒளிந்திருக்கும் பூச்சி. அதே நிறத்தில் இருப்பதால் பகலில் தெரியாது. விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து சிவப்பு வெளிச்சத்தில் தேடுங்கள்.

கேள்வி: எல்லா எண்ணும் சரி. ஆனால் எந்தப் பவளமும் முழுசாக விரியவில்லை.

எல்லாம் ஒரே நேரத்தில் சுருங்கினால் அது ஒரு பவளத்தின் நோய் அல்ல, தண்ணீர். உப்புமானியைச் சரிபார்த்தது எதை வைத்து? ஆர்ஓ தண்ணீரில் சுழியம் காட்டும் மானி 35 பிபிடியில், அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பில், தப்பாகக் காட்டலாம். 35 பிபிடி அளவுக்கரைசல் வைத்துச் சரிசெய்யுங்கள். உப்பு குறைவு என்று தெரிந்தால் உப்பை நேராகக் கொட்டாதீர்கள். ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் சில நாள் 35 பிபிடி உப்புநீரையே நிரப்பி, ஒரு நாளைக்கு 0.001 ஒப்படர்த்தி வீதம் 1.026க்கு ஏறவிடுங்கள்.

உப்பு சரி என்றால், எல்லா அலை பம்பையும் கழற்றிக் காந்தத்தைப் பாருங்கள். மேலுறை வெடித்துத் துரு வடிந்துகொண்டிருக்கும் காந்தம் ஒன்று போதும். இருந்தால் அதை அன்றே எடுத்துவிட்டு, 20 சதவீதம் தண்ணீர் மாற்றி, கார்பனையும் புதிதாகப் போடுங்கள்.