கடை ஆசிட்டும் பாடப்புத்தக அமிலமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் அமிலம், காரம், உப்பு ஆகியவற்றைப் படித்துக்கொண்டிருக்கிறான். குளியலறைத் தரையில் படிந்த உப்புக்கறையைப் போக்க, அருகிலிருந்த கடையில் பழைய தண்ணீர் பாட்டிலில் அடைத்து விற்ற ஆசிட்டை வாங்கி ஊற்றினேன். கறை நுரைத்துக்கொண்டு போனது. ஆனால் மொசைக் தரையின் பளபளப்பும் சேர்ந்து போய்விட்டது. ஆசிட் கலப்படமா? கடைக்காரர் மீது புகார் செய்யலாமா?

பதில்: கலப்படத்தால் இது நேர்ந்திருக்க வேண்டியதில்லை. ஆசிட் நல்ல வீரியத்தோடு இருந்தாலே இப்படித்தான் ஆகும். ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்த இடத்தில் படியும் வெள்ளைக் கறையில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் ஆகும். மொசைக்கில் பதித்திருக்கும் சலவைக்கல் சில்லுகளும் அதே கால்சியம் கார்பனேட்தான். கடை ஆசிட்டிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் இது கால்சியம் குளோரைடு என்னும் உப்பாக மாறி நீரில் கரைந்துவிட, கார்பன் டை ஆக்சைடு வாயு நுரையாக வெளியேறுகிறது. எது கறை, எது தரை என்று பிரித்தறிய அமிலத்துக்கு வழியில்லை. சலவைக்கல், மொசைக், கடப்பா போன்ற சுண்ணாம்புக் கல் தரைகளில் வினிகரையும் எலுமிச்சைச் சாற்றையும்கூடத் தவிர்ப்பது நல்லது. செராமிக் ஓடுகள் அமிலத்தைத் தாங்கும் என்றாலும், அவற்றின் இடைவெளியில் பூசிய சிமெண்ட் அரிபடும். மங்கிய தரையை இயந்திரத்தால் தேய்த்து மெருகேற்றித்தான் மீட்க முடியும். எந்த நீர்மமும் இழந்த கல்லைத் திருப்பித் தராது.

ஆயினும், உங்கள் புகாருக்கு உறுதியான அடிப்படை உண்டு. அமிலத் தாக்குதல் வழக்கொன்றில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, ஆசிட் விற்பவர் வாங்குபவரின் பெயர், முகவரி, வாங்கும் காரணம், அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். 18 வயது நிறையாதவருக்கு விற்கக் கூடாது. தம்மிடமுள்ள ஆசிட் இருப்பைப் பற்றி அதிகாரிக்குத் தெரிவிக்காத விற்பனையாளருக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அந்த உத்தரவு வழி செய்தது. பொட்டலமிட்டு விற்கும் பொருளின் மீது தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், நிகர அளவும், அதிகபட்ச சில்லறை விலையும் இருக்க வேண்டும் என்பது வேறொரு விதி. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவிடம் இதைக் குறித்து முறையிடலாம். அந்தப் பாட்டிலில் எனக்கு மிகவும் கவலை தருவது அதன் உருவமே. தண்ணீர் பாட்டிலில் ஆசிட் இருந்தால், தாகத்தோடு வரும் குழந்தை அதைத் தண்ணீர் என்றே எடுக்கும். மிச்சம் இருந்தால் தயவுசெய்து இன்றே, எட்டாத உயரத்தில், எச்சரிக்கை எழுதிப் பூட்டி வையுங்கள்.

முத்திரையிட்டு விற்கும் கழிப்பறை நீர்மங்கள் பலவற்றிலும் இருப்பது ஏறத்தாழ 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலமே. பீங்கான் கழிப்பறைக்கு அது போதும். ஆனால் அதனுடன் பிளீச்சிங் பவுடரையோ பிளீச் நீர்மத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டு சேர்ந்தால் இரட்டிப்புச் சுத்தம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அவை சேரும்போது குளோரின் வாயு வெளிப்படுகிறது. கதவு மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆசிட் உடலில் பட்டால், உடையை நீக்கிவிட்டு, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். ‘அமிலத்தைக் காரம் நடுநிலையாக்கும்’ என்ற பாடத்தை நினைத்து அதன்மேல் காரம் எதையும் போடக் கூடாது, ஏனெனில் அந்த வினையில் வெப்பம் எழக்கூடும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: ஆப்ப சோடா, பேக்கிங் பவுடர், சலவை சோடா மூன்றும் வெள்ளைத் தூள்தானே? ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கலாமா?

பதில்: சலவை சோடாவைச் சமையலறைக்குள் கொண்டுவரவே கூடாது. அது சோடியம் கார்பனேட். துணி அழுக்குக்கானது, உணவுக்கு ஆகாத அளவு காரத்தன்மை கொண்டது. ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். இதன் காரத்தன்மை மென்மையானது. புளித்த மாவில் லாக்டிக் அமிலம் ஏற்கனவே இருப்பதால், அதனுடன் வினைபுரிந்து வாயுவை வெளியிட்டு ஆப்பத்தை மென்மையாக்க இதுவே போதும். பேக்கிங் பவுடரில் அதே சோடாவுடன் உலர்ந்த அமிலப் பொருளும் மாவுச்சத்தும் கலந்திருப்பதால், புளிப்பில்லாத கேக் மாவுக்கு அதுதான் ஏற்றது. இவற்றை உதிரியாக வாங்காமல், பெயர் அச்சிட்ட உறையிலேயே வாங்குங்கள்.

கேள்வி: ‘சோப்பும் ஓர் உப்புதான்’ என்று ஆசிரியர் சொன்னதாக என் மகள் வியக்கிறாள். அப்படியானால் உறையில் உள்ள டி.எஃப்.எம். எண் எதைக் குறிக்கிறது? அதிகம் இருந்தால் சருமத்துக்கு நல்லதா?

பதில்: ஆசிரியர் சொன்னது முற்றிலும் சரி. தேங்காய் எண்ணெயிலோ வேறு கொழுப்பிலோ உள்ள கொழுப்பு அமிலங்கள், காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து உண்டாகும் சோடியம் உப்பே சோப்பு. டி.எஃப்.எம். என்பது அந்தக் கட்டியில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் விழுக்காடு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி, டாய்லெட் சோப்பில் முதல் தரத்துக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 விழுக்காடு இருக்க வேண்டும். ‘பாத்திங் பார்’ என்று சிறிய எழுத்தில் அச்சிட்டு விற்பவை வேறு வகையைச் சேர்ந்தவை. விளம்பரத்தைப் பார்த்து வாங்குவதைவிட இந்த எண்ணையும் எடையையும் விலையையும் ஒப்பிட்டு வாங்குவது மேலானது.

ஆனால் அந்த எண் சோப்பின் அளவைச் சொல்லுமே தவிர, மென்மையைச் சொல்லாது. வலிமையற்ற அமிலமும் வலிமை மிக்க காரமும் சேர்ந்த உப்பு நீரில் கரையும்போது காரத்தன்மை காட்டும் என்பது பாடம். ஆகவே 76 விழுக்காடு சோப்பின் கரைசலுக்கும் பி.எச். மதிப்பு (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 9 முதல் 10 வரை இருக்கும். நம் தோலின் மேற்பரப்போ சற்றே அமிலத்தன்மை உடையது. தோல் வறட்சியோ கரப்பானோ உள்ளவர்கள், தோல் மருத்துவரிடம் கேட்டு, சோப்பல்லாத கழுவுபொருளால் ஆன குளியல் கட்டிகளை வாங்கலாம். மற்றவர்களுக்கு அந்தக் கூடுதல் செலவு தேவையில்லை என்பதே என் கருத்து.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுதுகிறேன். எங்கள் குடியிருப்புக்கு வந்த விற்பனையாளர், எங்கள் வீட்டுக் குடிநீரில் சில சொட்டுகள் விட்டதும் அது மஞ்சளாகியது. தம் கருவியிலிருந்து எடுத்த நீரில் விட்டதும் நீலமாகியது. ‘நீங்கள் குடிப்பது அமிலம், இது காரநீர், இதைக் குடித்தால் ரத்தத்தின் அமிலத்தன்மை நீங்கி நோய் வராது’ என்றார். கருவியின் விலை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். தாத்தா முன்பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம் என்று தாத்தாவிடம் அன்போடு சொல்லுங்கள், சொல்வதோடு நில்லாமல் செய்தும் காட்டுங்கள். விற்பனையாளர் விட்டது ஒரு நிறங்காட்டி, அதாவது அமிலத்திலும் காரத்திலும் வெவ்வேறு நிறம் காட்டும் பொருள். புரோமோதைமால் நீலம் போன்ற நிறங்காட்டி, பி.எச். 6க்குக் கீழே மஞ்சளாகவும் 7.6க்கு மேலே நீலமாகவும் இருக்கும். அவர் மறுபடி வந்தால், மஞ்சளான உங்கள் நீரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவைப் போடுங்கள், நீலமாகிவிடும். நீலமான அவருடைய நீரில் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள்; மஞ்சளாகிவிடும். நிறம் நீரின் பி.எச். மதிப்பைத்தான் காட்டியது, நீர் உடலுக்கு நல்லதா கெட்டதா என்பதை அது காட்டவில்லை. எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் சுத்திகரித்த நீரில் கரைந்த உப்புகள் குறைவு என்பதால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சிறிது கரைந்தாலே அதன் பி.எச். இறங்கிவிடும். குடிநீருக்கான இந்தியத் தரம் 6.5 முதல் 8.5 வரை அனுமதிக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. எலுமிச்சைச் சாறும் மோரும் அதைவிடப் பலமடங்கு அமிலத்தன்மை உடையவை, அவற்றை நாம் விரும்பியே குடிக்கிறோம்.

இனி வயிற்றுக்கு வருவோம். பி.எச். மதிப்பு ஒன்று மாறினால் நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்கு மாறும். பி.எச். 9 உள்ள ஒரு லிட்டர் நீரில் இருக்கும் ஹைட்ராக்சைடு அயனிகள் அனைத்தையும் நடுநிலையாக்க, பி.எச். 2 உள்ள இரைப்பை அமிலம் ஒரு மில்லி லிட்டர் போதும். இந்தக் கணக்கை உங்கள் குறிப்பேட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். ரத்தத்தின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்பதற்குக் காரணம், ரத்தத்திலுள்ள பைகார்பனேட்டும், கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும் நுரையீரலும், மிகுந்த அமிலத்தைச் சிறுநீரில் அனுப்பும் சிறுநீரகமும் ஆகும். குடிக்கும் நீரை மாற்றி ரத்தத்தைக் ‘காரமாக்க’ முடியாது. தாத்தா ஏதேனும் நோய்க்கு மாத்திரை உட்கொள்பவராயின், இந்த நீரை நம்பி அதை நிறுத்திவிடக் கூடாது என்பதையும் வற்புறுத்திச் சொல்லுங்கள்.

நோய் தீரும் என்ற வாக்குறுதியை நிறுவனத்தின் தலைப்புத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தருமாறு விற்பனையாளரிடம் கேளுங்கள். ஏற்கனவே பணம் கொடுத்திருந்தால் ரசீது, துண்டறிக்கை, கைபேசிச் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்திவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறான விளம்பரம் செய்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பணத்தைத் திரும்பப் பெற மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வரை கட்டணம் ஏதுமில்லை, வழக்கறிஞர் இல்லாமல் தாத்தாவே வாதாடவும் செய்யலாம்.