கூடைப்பந்து நடுவர் ஆட்டத்துக்கு நடுவே பயிற்றுநரிடம் என்னதான் பேசுகிறார்?

கேள்வி கேட்டவர், ஒரு பள்ளி ஆட்டத்தில் கத்திக்கொண்டிருந்த பயிற்றுநரின் பக்கத்தில் நடுவர் போய் நின்று இரண்டு வார்த்தை சொன்னதும் அவர் அடங்கிவிட்டதைப் பார்த்திருக்கிறார். மிரட்டினாரா, சமாதானம் சொன்னாரா என்று கேட்கிறார்.

நான் பினாங்கில் பன்னிரண்டு வருடமாக விசில் ஊதுகிறேன். வார நாளில் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறில் பள்ளி ஆட்டம், கிளப் ஆட்டம். என் அனுபவத்தில், பெரும்பாலும் அந்த இரண்டுமே இல்லை. பயிற்றுநர் ஏதோ கேட்டிருப்பார், நடுவர் பதில் சொல்லியிருப்பார். கத்தலுக்குள் ஒரு கேள்வி இருக்கும். அதைக் கண்டுபிடித்துப் பதில் சொல்வதுதான் எங்கள் வேலையில் பாதி.

முதலில் விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே நாங்கள் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி ஆடுகிறோம். பெஞ்சிலிருந்து தலைமைப் பயிற்றுநர் மட்டுமே நடுவரிடம் பேசலாம். துணைப் பயிற்றுநர் பேசக் கூடாது. அவர்கள் இருவரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுந்து நிற்கலாம். களத்துக்குள் கேப்டன் மரியாதையாக விளக்கம் கேட்கலாம், அதுவும் பந்து நின்று கடிகாரமும் நின்றிருக்கும்போது. டைம் அவுட் வேண்டுமென்றால் என்னிடம் கத்திப் பயனில்லை, ஸ்கோர் மேசையில்தான் கேட்க வேண்டும். முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3. இதை அறியாமல் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, ஊதவில்லையே என்று கோபப்படும் பயிற்றுநர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வாயால் பேசுவதைவிடக் கையால் பேசுவதுதான் அதிகம். ஃபவுல் ஊதியதும் மேசை முன்னால் வந்து ஆட்டக்காரரின் எண், என்ன ஃபவுல், அடுத்து என்ன என்று மூன்றையும் காட்டுகிறோம். எண் 16 என்றால் முதலில் புறங்கையைக் காட்டி ஒரு விரல், பிறகு உள்ளங்கையைக் காட்டி ஆறு விரல். இடுப்பில் இரண்டு கையையும் வைத்தால் வழிமறித்தது. மூடிய முஷ்டியால் உள்ளங்கையில் குத்தினால் பந்து வைத்திருந்தவரே மோதியது. இது மேசைக்காரருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டு பெஞ்சுக்கும் சேர்த்துத்தான். நின்று, நிதானமாகக் காட்டினாலே வரவேண்டிய கேள்விகளில் பாதி வராது. அவசரமாகக் கையை வீசிவிட்டு ஓடினால் பயிற்றுநர் கத்தாமல் என்ன செய்வார்?

டிவியில் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ. பார்ப்பவர்கள் அங்கே நடுவரும் பயிற்றுநரும் நெடுநேரம் பேசிக்கொள்வதைப் பார்த்திருப்பார்கள். அங்கே மூன்று நடுவர்கள். 2019-20 பருவத்திலிருந்து பயிற்றுநர் ஒரு தீர்ப்பை எதிர்த்து வீடியோ பார்க்கச் சொல்லவும் முடியும். எங்கள் சிமெண்டுத் தரையில் இரண்டு பேர்தான், வீடியோவும் கிடையாது. ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதலான ஃப்ரீ த்ரோவுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும் அந்தச் சில நொடிதான் எங்களுக்குக் கிடைக்கிற நேரம். அப்போதும் பயிற்றுநருக்கு எதிரே நிற்க மாட்டேன். பக்கவாட்டில், அவரைப் போலவே களத்தைப் பார்த்தபடி நிற்பேன். முகத்துக்கு முகம் நின்றால் பார்ப்பவர்களுக்குச் சண்டையாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் அது நிஜமாகவே சண்டையாகிவிடும்.

ஆரம்பத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. இரண்டாம் வருடம் ஒரு பயிற்றுநர் மூன்று முறை, “சாய்பான்! சாய்பான்!” என்று மாண்டரினில் அழைத்தார். நடுவர் என்று அர்த்தம். நான் திரும்பவே இல்லை. நான்காவது முறை குரல் உயர்ந்ததும் டெக்னிக்கல், அதாவது நடத்தைக்கான ஃபவுல், ஊதினேன். அன்று என்னோடு ஊதிய மூத்த நடுவர், சீன அங்கிள் ஒருவர், ஆட்டம் முடிந்து சொன்னார்: “அவர் உன்னைத் திட்டவில்லை. என்ன ஃபவுல் என்றுதான் கேட்டார். நீதான் பதில் சொல்லவில்லை.” இன்றும் யாராவது என்னை அழைக்கும்போது அந்தச் சொல் காதில் விழுகிறது.

இப்போது கேள்வி என்றால் பதில் சொல்கிறேன். வெறும் புலம்பல் என்றால் விட்டுவிடுகிறேன். “8-ஆம் எண் பிடித்து இழுக்கிறாள், கவனியுங்கள்” என்றால், “பார்க்கிறேன் கோச்” என்பேன். சொன்னால் பார்த்தாக வேண்டும். அடுத்த முறை நான் 8-ஆம் எண்ணைப் பார்க்கிறேனா என்று அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். தவறவிட்டிருந்தால், “தவறவிட்டுவிட்டேன் கோச்” என்று ஒரே தடவை சொல்வேன். இதைக் கேட்ட பிறகு மேலும் கத்திய பயிற்றுநரை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். எச்சரிக்கையும் தாழ்ந்த குரலில்தான்: “கோச், கேட்டுவிட்டேன், போதும்.” அதற்கும் மேலே போனால் டெக்னிக்கல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. தன் சொந்த நடத்தைக்காக இரண்டு வாங்கினால் அவர் வெளியே போக வேண்டும். ஊதிய பிறகு ஒரு வார்த்தையும் விவாதிக்க மாட்டேன், அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இனி எங்கள் ஊருக்கே உரிய ஒரு விஷயம். எந்த மொழியில் பேசுவது?

பினாங்கில் கூடைப்பந்து பெரும்பாலும் சீனப் பள்ளிகளிலும் சீனக் கிளப்புகளிலும் வளர்ந்த விளையாட்டு. பெஞ்சுகளில் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியும் மாண்டரினும் ஓடும். தமிழ்ப் பயிற்றுநர்கள் குறைவு. அதனாலேயே ஒருவரைப் பார்த்தால் மனசுக்கு நெருக்கமாக இருக்கும், அங்கேதான் கவனம் வேண்டும். ஒருமுறை ஒரு தமிழ்ப் பயிற்றுநர் கேட்டதற்கு நான் தமிழிலேயே, சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டேன். சொன்னது சாதாரண விளக்கம்தான். ஆனால் எதிர் பெஞ்சுக்குப் புரியவில்லை. அதன்பிறகு நான் ஊதிய ஒவ்வொரு விசிலுக்கும் எதிர் பெஞ்சுப் பயிற்றுநர் என்னைப் பார்த்த பார்வையே வேறு. அவர் மீது தப்பில்லை. எனக்குத் தெரியாத மொழியில் நடுவரும் எதிரணியும் சிரித்துப் பேசினால் நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

அன்று முதல் களத்துக்குள், இரண்டு பெஞ்சுக்கும் புரியும் மலாய்தான். எனக்கு ஹொக்கியன் வரும், ஆனால் சீனப் பயிற்றுநரிடமும் மலாய்தான்.

போன வருடம் 18 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆட்டம். இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, இரண்டு புள்ளி வித்தியாசம். பந்தோடு பாய்ந்த பெண் தடுப்பாளர் மீது மோத, முஷ்டியை உள்ளங்கையில் குத்திக் காட்டினேன். அவளுடைய பயிற்றுநர் ஐம்பது வயது தமிழாசிரியர். கோட்டு விளிம்புவரை வந்துவிட்டார்.

“தம்பி, அந்தப் பிள்ளை நகர்ந்துச்சுப்பா! பார்க்கலையா?”

நகர்ந்தது உண்மைதான். ஆனால் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, எதிரே வருபவரைப் பார்த்து முதலில் இடம் பிடித்துவிட்டால், பிறகு பக்கவாட்டிலோ பின்னாலோ நகரத் தடுப்பாளருக்கு உரிமை உண்டு. மோதலும் நெஞ்சில்தான். மேசைக்குச் சொல்லிவிட்டு என் இடத்துக்குப் போகும் வழியில், எதிர் பெஞ்சுக்கும் கேட்கும்படி சொன்னேன்: “டியா சம்பாய் டுலு, கோச். கெனா டாடா.” அவள் முதலில் வந்துவிட்டாள், நெஞ்சில் பட்டது.

அவர் முகம் ஒரு கணம் வாடியது. தம்பி என்று அழைத்தவருக்கு மலாயில் பதில் வந்தால் வாடத்தானே செய்யும். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. எதிர் பெஞ்சுப் பயிற்றுநர் தலையை ஆட்டிவிட்டுத் தன் பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்து ஸ்கோர்ஷீட்டில் தலைமை நடுவர் கையெழுத்துப் போட்டுவிட்டால், விதிப்படி நடுவர்களுக்கும் அந்த ஆட்டத்துக்கும் உள்ள தொடர்பு முடிகிறது. அன்று தலைமை நடுவர் நான்தான். கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டு, தண்ணீர்ப் பெட்டி அருகே நின்றிருந்த அவரிடம் போனேன்.

“சார், சாப்பிட்டீங்களா?”

“இன்னும் இல்ல தம்பி. வா, போலாம்” என்றார்.