பள்ளிக் கணக்கைப் பெற்றோர் கேட்கலாமா? வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நத்தால் மாகாணத்திலிருந்து, ஒன்று ஜோகன்னஸ்பர்க் அருகிலுள்ள லெனேசியாவிலிருந்து. கட்டணம், அரசு மானியம், கணக்கு ஆகிய மூன்றையும் சுற்றியே எல்லாக் கேள்விகளும் அமைந்திருக்கின்றன. பதில்களில் 'சட்டம்' என்று நான் சொல்வது 1996-ஆம் ஆண்டின் 84-ஆம் எண் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தை. 'ஆட்சிக்குழு' என்பது பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி நிர்வாகக் குழு.

என் மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். ஆண்டுக் கட்டணம் 12,000 ராண்ட். என் ஆண்டு வருமானம் 96,000 ராண்ட். நானும் அவள் தந்தையும் விவாகரத்துப் பெற்றுவிட்டோம். அவர் சம்பளச் சீட்டைத் தர மறுக்கிறார். அது இல்லாமல் கட்டண விலக்கு விண்ணப்பத்தை வாங்க முடியாது என்கிறது பள்ளி அலுவலகம். பாக்கி இருப்பதால் மதிப்பெண் அறிக்கையையும் தரவில்லை. — ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

அம்மா, முதலில் அறிக்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டணம் கட்டவில்லை என்பதற்காக மதிப்பெண் அறிக்கையையோ மாற்றுச் சான்றிதழையோ மறுக்கக்கூடாது என்று சட்டத்தின் 41-ஆம் பிரிவு பெயர் சொல்லித் தடுக்கிறது. வகுப்பிலிருந்து நிறுத்துவது, விளையாட்டு, கலை நிகழ்ச்சி, உணவுத் திட்டம் ஆகியவற்றிலிருந்து விலக்குவது, சொல்லாலோ பார்வையாலோ அவமானப்படுத்துவது ஆகியவையும் தடை. கடன் பெற்றோருடையது, குழந்தையிடம் அதை வசூலிக்க யாருக்கும் உரிமை இல்லை. இதை ஒரு கடிதமாக எழுதி, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்கு எந்தத் தடயமும் இராது.

அடுத்து விலக்கு. 2006-ஆம் ஆண்டின் கட்டண விலக்கு விதிமுறைகளில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆண்டுக் கட்டணத்தோடு, பள்ளி கேட்கும் கூடுதல் தொகைகளையும் சேர்த்து, பெற்றோரின் மொத்த ஆண்டு வருமானத்தில் அது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 10 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் முழு விலக்கு. 2 சதவீதத்துக்கும் 10 சதவீதத்துக்கும் இடையே வந்தால் பகுதி விலக்கு. எத்தனை பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அதன் அளவு மாறும். உங்கள் ஆண்டு வருமானம் 96,000 ராண்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். 12,000 என்பது அதில் 12.5 சதவீதம். உங்கள் வருமானத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் முழு விலக்கு உங்களுக்கு உரியது.

உங்கள் வருமானத்தை மட்டும் வைத்துப் பார்க்கலாமா என்பதே பள்ளி எழுப்பும் கேள்வி. 2017-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. மேற்கு கேப் மாகாணத்தில் விவாகரத்துப் பெற்ற ஒரு தாய் தொடுத்த வழக்கு அது. முன்னாள் கணவர் ஒத்துழைக்காத நிலையில், தாயின் விண்ணப்பத்தைத் தனியாகப் பரிசீலிக்க வேண்டும் என்பது அதன் சாரம். சம்பளச் சீட்டுக்கு மாறாக, நிலைமையை விளக்கும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைக் காவல் நிலையத்தில் முத்திரையிட்டு விண்ணப்பத்தோடு இணையுங்கள். ஆட்சிக்குழு 30 நாட்களுக்குள் முடிவெடுத்து, அதன்பின் 7 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறுத்தால், மறுப்புக் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மாகாணக் கல்வித்துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இன்னொன்றையும் எல்லாத் தாய்மாருக்கும் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைக்காகச் சமூக உதவித்தொகை பெறுபவர்கள், வளர்ப்புப் பிள்ளையைப் பராமரிப்பவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. சான்றைக் காட்டினால் விலக்கு தானாகவே பொருந்தும். தகுதி இருந்தும் வெட்கத்தால் கேட்காமல், கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய இருக்கின்றன. அது தேவையற்ற துன்பம்.

புதிதாகப் பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறேன். எந்தத் தேதிக்குள் எதைக் கொடுக்க வேண்டும் என்று யாரும் எழுதித் தரவில்லை. மானியமும் எப்போது வரும் என்று தெரியவில்லை. — ஆட்சிக்குழு உறுப்பினர், டோங்காட்

ஐயா, உங்கள் குழப்பத்தின் வேர் இரண்டு நாட்காட்டிகளில் இருக்கிறது. பள்ளியின் நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. மாகாண அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. பள்ளி திறந்து நான்கு மாதம் ஓடிய பிறகே புதிய மானியம் புறப்படுகிறது. தேசிய நிதி நெறிமுறைகளின்படி முதல் தவணை மே 15-க்குள்ளும் அடுத்தது நவம்பர் 15-க்குள்ளும் வர வேண்டும். தாமதம் வழக்கமாகிவிட்ட மாகாணம் நம்முடையது. ஆகவே நவம்பரில் வரும் பணத்தை அந்த ஆண்டிலேயே தீர்த்துவிடாதீர்கள். ஜனவரி முதல் மே வரை மின்சாரம், தண்ணீர், காகிதம் ஆகியவற்றுக்கு அதிலிருந்தே எடுத்துவைக்க வேண்டும். வங்கியில் ஓவர்டிராஃப்ட் எடுத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். மாகாணக் கல்வி அமைச்சரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பள்ளி கடனும் வாங்கக்கூடாது, ஓவர்டிராஃப்டும் எடுக்கக்கூடாது.

இனித் தேதிகள். டிசம்பர் 31-இல் கணக்கை மூடுகிறீர்கள். மூன்று மாதத்துக்குள், அதாவது மார்ச் முடிவதற்குள், ஆண்டு நிதியறிக்கை தயாராக வேண்டும். ஆறு மாதத்துக்குள், அதாவது ஜூன் 30-க்குள், தணிக்கை செய்யப்பட்ட அறிக்கை கல்வித்துறைத் தலைவரிடம் சேர வேண்டும். தணிக்கையாளரை மே மாதத்தில் தேடத் தொடங்கும் பள்ளிகள் ஜூனில் திண்டாடுகின்றன. முந்தைய அக்டோபரிலேயே ஆட்சிக்குழுத் தீர்மானத்தோடு நியமித்துவிடுங்கள். பதிவுபெற்ற தணிக்கையாளர் கிடைப்பது நடைமுறையில் இயலாது என்றால், கணக்கு அலுவலராகச் செயல்படத் தகுதி பெற்ற ஒருவரை நியமிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பள்ளியின் விவகாரங்களில் நிதி ஆதாயம் உள்ள எவரும் அந்த வேலையைச் செய்யக்கூடாது. பள்ளிக்குப் பொருள் விற்கும் கடைக்காரரின் மைத்துனர் குறைந்த கூலிக்கு வருகிறார் என்றாலும் ஒதுங்கியே இருங்கள்.

அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தைப் பெற்றோர் பொதுக்கூட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு. கூட்டத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பிருந்து திட்டத்தின் நகல் பள்ளியில் பார்வைக்கு இருக்க வேண்டும். கட்டணத்தைத் தீர்மானிப்பதும் அதே கூட்டம்தான். அக்டோபர் நடுவில் கூட்டம் என்றால் செப்டம்பர் முதல் வாரத்தில் வேலையைத் தொடங்குங்கள். அவசரமாகக் கூட்டி, யாரும் பார்க்காத தாளுக்குக் கை உயர்த்தச் சொல்வதுதான் பின்னால் எல்லாச் சண்டைக்கும் விதை.

ஒரு பெற்றோர் வந்து கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். பதிவேடுகளையும் தணிக்கை அறிக்கையையும் அக்கறை உள்ள எவருக்கும் காட்ட வேண்டும் என்று 43-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படிக் கேட்பவரை எதிரியாக நடத்தும் வழக்கம் நம் சங்கங்களிலும் பள்ளிகளிலும் வேரூன்றியிருக்கிறது. அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் ஏழைகள். ஆனால் ஐந்தாம் குவின்டைல் என்று சொல்லிக் குறைந்த மானியம் தருகிறார்கள். இது எப்படி? — ஆசிரியை, பீனிக்ஸ்

பள்ளிகளை ஏழ்மையானதிலிருந்து வசதியானது வரை ஐந்து படிகளாகப் பிரிக்கும் குவின்டைல் என்ற படிநிலை, பள்ளி அமைந்திருக்கும் வட்டாரத்தின் வருமானம், வேலையின்மை, கல்வி நிலை ஆகியவற்றை வைத்துக் கணக்கிடப்படுகிறது; வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை வைத்து அல்ல. ஓடு போட்ட வீடுகளுக்கு நடுவே பள்ளி இருக்கிறது, பிள்ளைகளோ தொலைவிலுள்ள குடிசைப் பகுதிகளிலிருந்து டாக்சியில் வருகிறார்கள். டர்பனைச் சுற்றியுள்ள பழைய இந்தியர் குடியிருப்புப் பள்ளிகள் பலவற்றின் கதை இதுதான். 2024-இல் தேசிய இலக்கு, கட்டணம் வாங்காத முதல் மூன்று படிகளுக்கு ஆண்டுக்குத் தலைக்கு 1,672 ராண்ட். ஐந்தாம் படிக்கு 289 ராண்ட். நம் மாகாணம் கட்டணமில்லாப் பள்ளிகளுக்கே பல ஆண்டுகளாக 955 ராண்டுதான் கொடுத்துவந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

படிநிலையை மறுபரிசீலனை செய்யும்படி ஆட்சிக்குழு மாகாணத் துறையிடம் விண்ணப்பிக்கலாம். உணர்ச்சியால் அது வெல்லாது. எத்தனை பிள்ளைகள் உதவித்தொகை பெறும் வீடுகளிலிருந்து வருகிறார்கள், எத்தனை விலக்குகள் வழங்கப்பட்டன, எந்தப் பகுதிகளிலிருந்து வருகிறார்கள் என்ற பட்டியல் வேண்டும். விலக்குப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கும் பள்ளியால்தான் இதைக் காட்ட முடியும்.

தமிழ் ஆசிரியருக்கு அரசு மானியத்திலிருந்து சம்பளம் தரலாமா? — மெரிபேங்க்

முடியாது. பள்ளி மானியம் பாடநூல், எழுதுபொருள், சேவைகள், சிறு பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கானது. ஊழியர் சம்பளத்துக்கோ புதிய கட்டடத்துக்கோ அதைத் தொடக்கூடாது.

வழி வேறு இருக்கிறது. 20-ஆம் பிரிவின்படி ஆட்சிக்குழுவே கூடுதல் ஆசிரியர் பணியிடத்தை உருவாக்கலாம். ஆனால் அந்தச் செலவும், அதை எங்கிருந்து ஈடுகட்டுவது என்பதும் பெற்றோர் முன் வைக்கும் வரவுசெலவுத் திட்டத்தில் விவரமாக இடம்பெற வேண்டும். ஆசிரியர் தென்னாப்பிரிக்க ஆசிரியர் மன்றத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவருடைய முதலாளி ஆட்சிக்குழுதான், அரசு அல்ல. நோய் விடுப்பு முதல் பணிநீக்கம் வரை எல்லாம் உங்கள் பொறுப்பு. ஏற்கனவே அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியருக்குக் கூடுதலாக ஏதேனும் தர நினைத்தால், முதலில் துறையின் அனுமதி வாங்குங்கள். 38அ பிரிவு அதில் மிகக் கண்டிப்பானது.

2014-இல் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகள் விருப்பப் பாடமாகப் பள்ளிகளுக்குத் திரும்பின. அந்த வாசல் திறந்திருக்கும்போது, ஆசிரியருக்கு நிதி ஏற்பாடு செய்யாமல் வகுப்பைத் தொடங்கி ஓராண்டில் மூடுவதைவிட, மூன்றாண்டுச் செலவைத் திரட்டிக்கொண்டு தொடங்குவதே பிள்ளைகளுக்கு நல்லது.

பள்ளி நிற்கும் நிலம் எங்கள் கோயில் சங்கத்துக்குச் சொந்தம். துறை எதுவும் தருவதில்லை, கூரையும் ஒழுகுகிறது. — ஸ்டாங்கர்

நத்தாலில் நம் முன்னோர் ஒரு பவுண்டு திரட்டினால் அரசு ஒரு பவுண்டு சேர்க்கும் என்ற முறையில் அரசு உதவி பெறும் பள்ளிகளைக் கட்டினார்கள். அப்படி எழுந்த பள்ளிகள் சில இன்றும் சங்கங்களின் நிலத்தில் இருக்கின்றன. சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, தனியார் நிலத்தில் அரசுப் பள்ளி நடப்பதற்கு உரிமையாளருக்கும் மாகாணக் கல்வி அமைச்சருக்கும் இடையே ஒப்பந்தம் இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று சங்கத்தின் பழைய கோப்புகளைத் தேடுங்கள். இல்லையென்றால், கூரையைப் பற்றி எழுதும் முன் ஒப்பந்தம் கோரி எழுதுங்கள். பராமரிப்பு யார் பொறுப்பு என்பது அதில்தான் தீர்மானமாகும்.

கட்டணத்தை அறக்கட்டளை ஒன்றுக்கு நன்கொடையாகக் கட்டச் சொல்கிறார்கள். வரிச்சலுகை உண்டாம். — பீட்டர்மாரிட்ஸ்பர்க்

கட்டாதீர்கள். கட்டாயக் கட்டணத்தைச் சுற்றிவளைத்து அறக்கட்டளைக்கு மாற்றுவதை 37-ஆம் பிரிவு தடை செய்கிறது. பள்ளிக்கு வரும் எல்லாப் பணமும் பள்ளியின் ஒரே வங்கிக் கணக்கில் சேர வேண்டும். உண்மையான நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு. அதற்குப் பள்ளி பொதுநல அமைப்பாக வருவாய்த்துறையின் ஒப்புதல் பெற்று, வருமான வரிச் சட்டத்தின் 18அ பிரிவின்படி ரசீது தர வேண்டும். கட்டணம் நன்கொடை ஆகாது.

இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தின் சிறுவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. சேர்த்தால் மானியம் கிடைக்காது என்று பள்ளி தயங்குகிறது. — லெனேசியா

தயங்க வேண்டியதில்லை. 2019 டிசம்பரில் மகாண்டா உயர்நீதிமன்றம், ஆவணமில்லாப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்க வேண்டும், அதைக் காரணம் காட்டி நிதியை நிறுத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது. பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரத்தை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு சேர்க்கச் சொல்லுங்கள். பள்ளியின் சா-சாம்ஸ் (பள்ளி நிர்வாகக் கணினிப் பதிவு முறை) பதிவில் அவன் பெயர் பத்தாம் பள்ளிநாள் கணக்கெடுப்புக்கு முன்பே ஏறிவிட வேண்டும். தலைக்கணக்கை வைத்தே துறை நிதி ஒதுக்குகிறது. பிறகும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு உடனே அனுப்புங்கள்.