மலை நீலம், பூ நீலம், இறகு நீலம்: கேள்வி பதில்

கேள்வி (குன்னூர்): அண்ணா, ஒரே செடியிலிருந்து வெட்டி வச்ச ரெண்டு ஹைட்ராஞ்சியா. வேலி ஓரத்துல இருக்கறது நல்ல நீலம். புதுசா கட்டின சிமென்ட் சுவரை ஒட்டி இருக்கறது ரோஸ். ஏன்?

பதில்: சுவர்தான் காரணம். புது சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும். இரண்டு பூவிலும் நிறமி ஒன்றே, டெல்ஃபினிடின் வகை. அதோடு அலுமினியம் சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் ரோஸ். மண்ணில் அலுமினியம் எப்போதும் உண்டு, ஆனால் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.5-க்குக் கீழே இருந்தால்தான் வேர் உறிஞ்சும் அளவுக்குக் கரையும். (லிட்மஸில் புளிப்பு என்றால் சிவப்பு, இங்கே தலைகீழ். பிள்ளைகள் குழம்புவது இதில்தான்.)

முதலில் மண்ணைச் சோதியுங்கள். அரை அடி ஆழத்து மண் 20 கிராம், காய்ச்சி வடித்த நீர் 50 மில்லி. கலக்கி அரை மணி நேரம் விட்டு, மேலே தெளிந்த நீரில் பி.எச். தாளை நனையுங்கள். கலங்கலில் நனைத்தால் தாளில் தெரிவது சேற்றின் நிறம். பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் அலுமினியம் சல்ஃபேட், மொட்டு கட்டும் முன்பிருந்தே மாதம் ஒருமுறை. முந்தின நாளே வெறும் தண்ணீர் விட்டு வையுங்கள். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும். பலர் கோட்டை விடுவது உரத்தில். சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி., எலும்புத்தூள் எதைப் போட்டாலும் பாஸ்பேட் அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும், பூ ரோஸாகவே நிற்கும். விரிந்த பூ மாறாது, அடுத்த பூவைப் பாருங்கள்.

கேள்வி: படிகாரம் போடலாமா?

பதில்: போடலாம். அதில் அலுமினியம் சற்றுக் குறைவு, 30-க்குப் பதில் 40 கிராம்.

கேள்வி (கோத்தகிரி): நம்ம ஊர் டீத்தூளை சென்னைக்கு அனுப்பினா, டிகாக்‌ஷன் கறுத்து மங்கலா வருதுன்னு சொல்றாங்க. தூள்ல குறையா?

பதில்: பெரும்பாலும் தண்ணீரில். டீயின் பொன்னிறத் துலக்கம் தருவது தியாஃப்ளேவின் என்ற நிறமி, செம்பழுப்பு தருவது தியாரூபிஜின். கடின நீரின் காரத்தன்மையில் இவை கருக்கும், சுண்ணாம்போடு சேர்ந்து மேலே ஆடையும் கட்டும். துருப்பிடித்த குழாய் நீர் என்றால் இரும்பு சேர்ந்து மை நிறமே வரும். ஐ.எஸ்.ஓ. 3103 (டீயைச் சோதிக்கத் தயாரிப்பதற்கான சர்வதேசத் தரமுறை) முறைப்படி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். ஒரு கோப்பை குழாய் நீரிலும் இன்னொன்று ஆர்.ஓ. நீரிலும் போட்டு, வெள்ளைப் பீங்கானில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆர்.ஓ. கோப்பையும் மங்கல் என்றால்தான் ஃபேக்டரியைக் கேட்கவேண்டும்.

கேள்வி (ஊட்டி): மலை நீலமாத் தெரியறது யூகலிப்டஸாலன்னு சொல்றாங்களே?

பதில்: நீலகிரி என்ற பேர் யூகலிப்டஸ் இங்கே வருவதற்கு வெகு முந்தையது. மரங்கள் விடும் டெர்பீன் ஆவி நுண்துகளாகி நீலத்தைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். முதல் காரணம் காற்றே. 450 நானோமீட்டர் நீல ஒளி, 650 நானோமீட்டர் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறும். நமக்கும் எதிர்மலைக்கும் நடுவே காற்று கூடக்கூட நீலமும் கூடும். மூடுபனித் துளி பெரிது; எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிப்பதால் வெள்ளை.

கேள்வி: நீலகிரி ஈப்பிடிப்பான் இறகிலிருந்து சாயம் எடுக்க முடியுமா?

பதில்: முடியாது, அதில் நீலச் சாயமே கிடையாது. இறகின் புரதமான கெரட்டினுக்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள் செய்யும் வேலை அது. இப்படிப்பட்ட இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பழுப்பாகத் தெரியும்.

கேள்வி (கொடைக்கானல்): சார், இங்க சோலார் அப்சர்வேட்டரியில சூரியனை ஊதா ஒளியில எடுக்கறாங்களாமே. எவர்ஷெட் கண்டுபிடிச்சதும் நிற மாற்றம்தானா?

பதில்: சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுநடுவே இருண்ட கோடுகள் தெரியும். அதில் 393.4 நானோமீட்டரில் இருப்பது கால்சியம் கோடு. அந்த ஒளியில் மட்டும் எடுத்தால் சூரியப் பரப்புக்கு மேலே உள்ள குரோமோஸ்பியர் தெரியும். பழைய தகடுகள் கறுப்பு வெள்ளைதான். நிறம் பிறகு பூசுவது. 1909-ல் அந்த அப்சர்வேட்டரியில் வானியலாளர் எவர்ஷெட் கண்டது, சூரியப் புள்ளியின் ஓரத்தில் கோடுகள் ஒரு பக்கம் சிவப்பு நோக்கியும் மறுபக்கம் நீலம் நோக்கியும் நகர்வதை. வாயு வெளிநோக்கிப் பாய்வதால் வரும் டாப்ளர் நகர்வு (நம்மை விட்டு விலகினால் சிவப்பு நோக்கி, நெருங்கினால் நீலம் நோக்கி). நொடிக்கு 2 கி.மீ. வேகத்துக்கு, 600 நானோமீட்டர் கோடு நகர்வது வெறும் 0.004 நானோமீட்டர். கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது, ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி வேண்டும்.

கேள்வி: 2018-ல பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030-ல. நிறத்தை போன்ல பதிவு பண்ணலாமா?

பதில்: ஆட்டோவில் எடுத்தால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நீலம். வெயிலைத் தவிர்த்து, பூவுக்குப் பக்கத்தில் சாம்பல் நிற அட்டை வைத்து, ஒயிட் பேலன்ஸை (நிறத்தை போன் தானே சரிக்கட்டும் அமைப்பு) மாறாதபடி பூட்டி, ரா ஃபைலாக (போன் திருத்தாத மூலப் படம்) எடுங்கள். நேரம், மேகம், பூ விரிந்து எத்தனை நாள் என்பதையும் குறித்துவையுங்கள். அட்டை இல்லாத படத்தை நான் கணக்கில் எடுக்கமாட்டேன்.