மகள் ஆர்.என்.ஏ. மருந்து ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள்: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா,

உங்கள் கடிதத்தில் கவலை மூன்று பக்கம், விஷயம் ஒரே வரி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், டி.என்.ஏ.விலும், அதிலிருந்து நகலெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.விலும் போய் ஒட்டிக்கொள்ளும் சிறு மூலக்கூறுகளை மருந்தாக்கும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறீர்கள்.

வேலைதான். நேற்று முளைத்த வேலையும் அல்ல. 1960-களில் பார்னெட் ரோசன்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி பாக்டீரியாவை மின்புலத்தில் வைத்துப் பார்த்தார். அவை இரண்டாகப் பிரியாமல் நூல்போல நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் இல்லை. பிளாட்டினம் மின்முனையிலிருந்து கரைந்து வந்த சேர்மங்கள்தான் அந்த வேலையைச் செய்தன. அந்த வழியில் வந்த சிஸ்பிளாட்டின் 1978-ல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது. டி.என்.ஏ.வின் நான்கு அடிப்படைக் கூறுகளில் ஒன்றான குவானினைப் பிடித்து இழையையே வளைத்துவிடும் மருந்து அது. 1943-ல் பிரித்தெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் பாக்டீரியாவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் உள்ள ஆர்.என்.ஏ.வில் போய் உட்காருகிறது. காசநோயை அடக்கிய முதல் ஆன்டிபயாடிக் அதுதான். ஆக, உங்கள் மகள் பாதையே இல்லாத காட்டுக்குள் போகவில்லை.

அப்புறம் ஏன் எல்லோரும் இதைப் புதுத் துறை என்கிறார்கள்? பழைய மருந்துகள் எங்கே ஒட்டுகின்றன என்பது பின்னால்தான் தெரிந்தது. அதோடு சிஸ்பிளாட்டினுக்கு நல்ல செல், கெட்ட செல் என்ற பேதம் அவ்வளவாக இல்லை. வாந்தியும் சிறுநீரகப் பாதிப்பும் கூடவே வரும். இப்போது நடப்பது குறிவைத்துச் செய்யும் முயற்சி. மனித டி.என்.ஏ.வில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவான பகுதிதான் புரதத்துக்கான குறிப்பைச் சுமக்கிறது. ஆனால் இன்றுள்ள மருந்துகளில் பெரும்பாலானவை புரதத்தையே பிடிக்கின்றன. அதற்கு முந்திய கட்டமான ஆர்.என்.ஏ.வையே பிடித்தால் என்ன என்பதுதான் கேள்வி.

இதற்கு நடைமுறையில் கிடைத்த நல்ல பதில் ரிஸ்டிப்ளாம். எஸ்.எம்.ஏ. என்ற தசை நலிவு நோயில் எஸ்.எம்.என்.1 என்ற மரபணு வேலை செய்யாது. எஸ்.எம்.என்.2 என்று கிட்டத்தட்ட அதேபோல இன்னொன்று இருக்கிறது. ஆனால் அதன் ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும்போது ஏழாவது துண்டு பெரும்பாலும் விடுபட்டுவிடுவதால் புரதம் அரைகுறையாகவே வருகிறது. அந்தத் துண்டு விடுபடாமல் பார்த்துக்கொள்வது ரிஸ்டிப்ளாமின் வேலை. 2016-ல் இதே நோய்க்கு வந்த நுசினர்சென் ஒரு சிறு ஆர்.என்.ஏ. இழை போன்றது, அதை முதுகுத்தண்டு நீரில் ஊசியாகத்தான் போட முடியும். 2020-ல் வந்த ரிஸ்டிப்ளாம் ஒரு சிறு மூலக்கூறு, அதைத் தினமும் வீட்டிலேயே வாய்வழியாகக் கொடுக்கலாம். சிறு மூலக்கூறு என்றால் ஆராய்ச்சியாளர்களுக்கு ஏன் இத்தனை ஆசை என்பது இதில் புரியும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரானப்ளாம் என்ற மருந்து ஏறக்குறைய இதே உத்தியில் ஓடியது. மூளை நரம்புகளைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய்க்காகச் சோதித்தபோது, எடுத்துக்கொண்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு தெரிந்ததால் 2022-ல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். எத்தனையோ பேரின் பல வருட உழைப்பு. இது உங்கள் மகளுக்கும் நேரலாம்.

சரி, படிப்புக்கு வருவோம். துறையின் பெயரையே தலையில் சுமந்துகொண்டு வரும் புதுப்புதுப் பட்டங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. முதுநிலையில் கரிம வேதியியலைக் கெட்டியாகப் பிடிக்கச் சொல்லுங்கள். மூலக்கூறை உருவாக்கத் தெரிந்த கை வேண்டும். கூடவே அது எங்கே, எப்படி ஒட்டியது என்று பார்க்கும் முறை ஒன்றாவது தெரிய வேண்டும்: என்.எம்.ஆர்., எக்ஸ்ரே படிகவியல், கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி என்று ஏதாவது ஒன்று. புரதத்தில் மருந்து உட்கார ஆழமான குழிகள் கிடைக்கும். ஆர்.என்.ஏ.வில் அப்படிப்பட்ட இடங்கள் குறைவு. மேலெல்லாம் எதிர்மின்னூட்டம், போதாததற்கு அடிக்கடி உருவத்தை மாற்றிக்கொள்ளும். அதனால் ஒட்டியதா இல்லையா என்று நிரூபிப்பதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடுகிறது.

பேசாமல் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். திருப்ப வேண்டாம், சேர்த்துக்கொள்ளட்டும். பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்க ஒரு விடுமுறை போதும், வேதியியல் அப்படி வராது. மேலும் கணினிக் கணிப்புக்குத் தீனியாகும் ஆர்.என்.ஏ. வடிவங்கள் புரதங்களோடு ஒப்பிட்டால் மிகக் கொஞ்சம். ஆய்வக அனுபவம் இல்லாதவர் திரையில் தெரிவதை அப்படியே நம்பி ஏமாறுவார்.

காலத்தைப் பற்றி ஒளிக்க எதுவும் இல்லை. முதுநிலைக்குப் பிறகு பிஎச்.டி. சுமார் ஐந்து ஆண்டு, அதற்கு மேலும் சில வருடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சலித்துப்போனால்? ஆர்.என்.ஏ. மோகமே வடிந்தாலும், மூலக்கூறு செய்யவும் அளக்கவும் தெரிந்தவருக்கு எந்த மருந்து நிறுவனத்திலும் பகுப்பாய்வுக் கூடத்திலும் இடம் உண்டு. காப்புரிமை வேலைக்கும் போகலாம். முதுநிலையோடு நின்றாலும் வேலை கிடைக்கும். ஆனால் எந்த நோயை, எந்த வழியில் பிடிப்பது என்று முடிவெடுக்கும் நாற்காலிக்கு வழக்கமாக பிஎச்.டி. கேட்பார்கள்.

நானும் ஒரு காலத்தில் ஆய்வகத்தில் இருந்தவன். நான்கு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்த சேர்மம் கடைசிப் படியில் கருந்தாராகக் குடுவையில் ஒட்டிக்கொண்டது. அன்று இரவே வேறு வேலை தேட ஆரம்பித்தேன். என் பக்கத்து மேசைக்காரர் அதே தாரைச் சுரண்டி, என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க உட்கார்ந்தார். உங்கள் மகள் இந்த இரண்டில் எந்த ரகம் என்று மதிப்பெண் பட்டியல் சொல்லாது. வரும் விடுமுறையில் இரண்டு மாதம் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் அவளை உட்கார வையுங்கள், சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அங்கே பேராசிரியரிடம் பேசுவதைவிட ஆராய்ச்சி மாணவர்களிடம் பேசச் சொல்லுங்கள். கடைசியாகப் படித்து முடித்த ஐந்து பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று கேட்டு வரட்டும். அந்தப் பதிலோடு இருவருமாக வாருங்கள், எந்தப் பல்கலைக்கழகம் என்பதை அப்புறம் பேசுவோம்.