கல், பல், கால், பால்

வணக்கம். நீலகிரியில் பந்தலூர் பக்கம் எல்.கே.ஜி. எடுக்கிறேன். பத்தொன்பது பிள்ளைகள். பாதி வீடுகளில்தான் தமிழ்; மற்றவை மலையாளமும் பணியர் பழங்குடியினரின் பேச்சும். ஒருவன் பத்து நிமிடத்தில் முடிப்பதை இன்னொருத்தி நாள் முழுக்கத் தொடுவதில்லை. இருவர் சுத்தமாக மந்தம். ஆளுக்கொரு ஒர்க்‌ஷீட் தயாரிக்க வேண்டுமா? எந்த ஆப் நல்லது?
ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

ஒர்க்‌ஷீட்டும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். ஒரு தட்டுப் புளியங்கொட்டை போதும். ஒருவன் மூன்று எண்ணட்டும், ஒருத்தி பத்துப் பத்தாக அடுக்கட்டும். பொருள் ஒன்று, நீங்கள் கேட்கும் கேள்விதான் ஆளுக்கு ஆள் வேறு. (மூக்கில் போட்டுக்கொள்கிற பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் உண்டு, கண் வைத்திருங்கள்.) வீட்டு மொழியில் பதில் வந்தால் அதுவும் சரியான பதில்தான், தமிழ்ச் சொல்லை அதன் பின்னால் நீங்கள் சொல்லுங்கள்.

ஆனால் ‘சுத்தமாக மந்தம்’ என்று எதை வைத்து எழுதினீர்கள்? கூப்பிட்டால் திரும்பவில்லை என்றா? அந்த இரண்டு பேருக்கும் காது கேட்கிறதா என்று பார்த்தீர்களா?

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழல் சிறு பிள்ளைகளுக்குக் குட்டை, சாய்வும் குறைவு. சளி பிடித்தால் அது அடைத்து, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். பல சமயம் வலியும் இராது, சீழும் வராது, வீட்டிலும் தெரியாது. விரலால் காதைப் பொத்திக்கொண்டு கேட்பது போலத்தான் அந்தப் பிள்ளைக்கு உலகம். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வடிந்துவிடும். அந்த மூன்று மாதம் உங்கள் ஊர் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்றால்? மேலே தகரக் கூரையில் மழை வேறு. இன்னொரு சிக்கல், திங்கட்கிழமை கேட்கும், வியாழக்கிழமை கேட்காது. நாம் திமிர் என்போம்.

கல், பல், கால், பால். நான்கு அட்டைகளில் படம் வரையுங்கள். மலையாளத்திலும் ஏறக்குறைய இதே சொற்கள். பணியர் பிள்ளைக்கு அவர்கள் வீட்டுச் சொற்களைக் கேட்டு அதே மாதிரி ஒத்து ஒலிப்பவற்றை எடுங்கள். முதலில் முகம் பார்த்து, உரக்கச் சொல்லித் தொடச் சொல்லுங்கள். நான்கையும் தொட்டால் சொல் தெரியும் என்று பொருள். பிறகு பிள்ளைக்குப் பின்னால், ஒரு கை நீளத்தில் நின்று, தணிந்த குரலில், வரிசை மாற்றி இரண்டு சுற்று. உதடு தெரியக் கூடாது. முன்னால் சரியாகத் தொட்ட பிள்ளை இப்போது கல்லையும் பல்லையும் குழப்பினால் தேதி போட்டு எழுதி வையுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி. அப்போதும் தடுமாறினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசு மருத்துவக் குழு (ஆர்.பி.எஸ்.கே.) வரும் நாளில் காது தெளிந்திருக்கலாம், அப்போது பேசப் போவது நீங்கள் தேதி போட்டு எழுதிய அந்தத் தாள்தான். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதை வீட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். நீர் செவிப்பறைக்கு அந்தப் பக்கம், எண்ணெய் இந்தப் பக்கம்.

அதுவரை அந்த இருவரும் உங்களுக்கு ஒரு மீட்டருக்குள் உட்காரட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். மூடுபனி நாளில் உங்கள் முகமே இருட்டாகிவிடும். ஒரு தடவைக்கு ஒரு வேலைதான் சொல்லுங்கள். மழை தகரத்தில் அடிக்கும்போது கதையை நிறுத்திவிட்டுப் புளியங்கொட்டையை எடுங்கள்.

பாலுக்கு டம்ளர் வரையாதீர்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், டீ என்றுதான் சொல்லும். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து அட்டையில் ஒட்டிவிடுங்கள்.