கொம்பும் செம்பும்

சென்ற இதழில், பிரான்சின் அல்சாஸ் பகுதியில் நான் வேலை பார்க்கும், ஒயின் தயாரிக்கும் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி எழுதியிருந்தேன். 11 ஹெக்டேர், ஒரே குடும்பம், பயோடைனமிக் சாகுபடி (செயற்கை உரமும் மருந்தும் இல்லாமல், கொம்புச் சாணம் மாதிரியான தயாரிப்புகளோடும் நிலா நாட்காட்டியோடும் செய்கிற இயற்கை விவசாயம்). வந்த கடிதங்களில் முக்கால்வாசி மாட்டுக்கொம்பைப் பற்றித்தான். ஒரே ஒரு கடிதம் என்னைத் திட்டி வந்தது. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

கேள்வி: பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து மண்ணில் புதைப்பார்கள் என்று எழுதியிருந்தீர்களே, கதை விடவில்லையே?

இல்லை. இலையுதிர்காலத்தில் புதைப்போம், ஈஸ்டர் வாக்கில் தோண்டி எடுப்போம். பசுவின் கொம்பாகத்தான் இருக்க வேண்டும், காளைக் கொம்பு ஆகாது. ஆறு மாதம் மண்ணுக்குள் கிடந்த சாணத்தில் சாண வாடையே இருக்காது. விரலால் நோண்டினால் கறுப்பாக, பிசுபிசுப்பாக வரும்; மழை விட்ட காட்டின் வாசனை அடிக்கும்.

ஒரு ஹெக்டேருக்கு 100 கிராம் போதும். அதை முப்பது, முப்பத்தைந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போனால் நடுவில் ஆழமாகச் சுழி விழும். விழுந்ததும் சட்டென்று எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். சுழி உடைந்து, தண்ணீர் குழம்பி, மறுபடி சுழி கூடும். இதற்கு இயந்திரம் விற்கிறது. மதாம் வாங்கவிடமாட்டார். (தோட்டத்து முதலாளியம்மாவை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.) நாற்பதாவது நிமிடத்தில் என் வலது தோள் என்ன பாடுபடும் என்பது அவருக்குத் தெரியும், அவரும் ஐம்பது வயது வரை கலக்கியவர்தான். அன்று சாயங்காலமே மண்ணில் தெளித்துவிட வேண்டும். இதற்கு 500 என்று எண். 501 என்று இன்னொன்று உண்டு: பொடித்த குவார்ட்ஸ் கல், ஹெக்டேருக்கு 4 கிராம், விடியற்காலையில் இலைமேல் புகையாகத் தெளிப்பது.

நம்புகிறாயா என்று கேட்டால், நம்பவில்லை. 100 கிராம் சாணம் ஒரு ஹெக்டேருக்கு எருவாகாது. அதை எரு என்று மதாமும் சொல்வதில்லை, மண்ணை "எழுப்புவது" என்கிறார். தொழுவுரம், ஊடுபயிர், கவனமான கவாத்து இவை எல்லாமும் அதே நிலத்தில் நடக்கின்றன. எதனால் எது வந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் கலக்குகிற நாளன்று நான் ஒருமுறைகூட லீவு போட்டதில்லை.

கேள்வி: இந்த முறையைக் கண்டுபிடித்தவர் விவசாயியா?

விவசாயி இல்லை. ருடால்ஃப் ஸ்டெய்னர் ஆஸ்திரியத் தத்துவவாதி. 1924 ஜூனில் கோபர்விட்ஸ் என்ற ஊரில் (இன்று போலந்தில் இருக்கிறது) எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார், அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அவர் மதுவுக்கு எதிரானவர். அவர் முறையை உலகமெங்கும் பேசவைத்ததில் பெரும்பங்கு பிரெஞ்சு ஒயின்காரர்களுடையது! லுவார் பகுதியில் நிக்கோலா ஜோலி, பர்கண்டியில் லலூ பீஸ்-லெருவா, எங்கள் அல்சாஸில் ஸிண்ட்-உம்ப்ரெக்ட் குடும்பம் என்று பெரிய பெயர்களே வரிசையாக இருக்கின்றன.

கேள்வி: நான் சைவம். ஒயின் சைவம்தானே?

திராட்சை சைவம். ஒயினைத் தெளியவைக்கப் போடுகிற சமாச்சாரங்களில்தான் சிக்கல். முட்டை வெள்ளைக்கரு, பாலிலிருந்து எடுக்கும் கேசீன், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை இவற்றில் ஏதாவது ஒன்றைப் பலர் சேர்ப்பார்கள். கலங்கல் அதில் ஒட்டிக்கொண்டு அடியில் படியும், ஒயினை மேலாக இறுத்துக்கொள்வார்கள். எங்கள் இடத்தில் ஒன்றும் போடுவதில்லை. குளிர்காலம் முழுக்கப் பீப்பாயில் கிடந்தால் தானே தெளிகிறது.

ஆனால் தோட்டத்தில் கொம்பு இருக்கிறது. மக்குக் குவியலில் சேர்க்கும் 'யாரோ' (yarrow) என்ற மூலிகைப் பூவை ஆண் மானின் சிறுநீர்ப்பையில் அடைத்துத்தான் பதப்படுத்துகிறார்கள். உங்கள் சைவம் கோப்பையோடு நிற்கிறதா, தோட்டம்வரை போகிறதா என்பது உங்கள் முடிவு.

கேள்வி: ஈஸ்ட் போடாமல் எப்படி நொதிக்கும்?

திராட்சைத் தோலிலும் நிலவறையிலும் ஏற்கெனவே இருக்கும் ஈஸ்ட் போதும், பொறுமைதான் வேண்டும். பறித்த குலைகளைக் காம்போடு முழுசாகப் பிரஸ்ஸில் போட்டு மணிக்கணக்கில் மெதுவாகப் பிழிகிறோம். ஓரிரவு தெளியவிட்டு, ஃபூத்ர் எனப்படும் பெரிய ஓக் மரப்பீப்பாய்களில் இறக்குகிறோம். அவற்றில் சில மதாமின் தாத்தா காலத்தவை. மூடியில் காதை வைத்தால் வெந்நீர் கொதிக்க ஆரம்பிக்கிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். ஒருமுறை ஒரு ரீஸ்லிங் (வெள்ளை ஒயின் வகை) நொதிப்பது டிசம்பரில் ஓய்ந்துபோனது. சர்க்கரை பாதி அப்படியே. கடையில் விற்கும் ஈஸ்டைப் போட்டுத் தொலைக்கலாமே என்று நான் முணுமுணுத்தேன். மே மாதம் நிலவறையில் சூடு ஏறியதும் அது தானாக மறுபடி பொங்கத் தொடங்கியது.

பீப்பாய் கழுவும் வேலை எனக்குத்தான் வரும், ஒல்லி என்பதால். அடியில் தோள் நுழையும் அளவுக்கு ஒரு கதவு. முதலில் மெழுகுவர்த்தியை உள்ளே நீட்டிப் பார்க்க வேண்டும். அணைந்தால் கரியமில வாயு தேங்கியிருக்கிறது, நுழையக் கூடாது. நுழைந்தபின் விளக்கைத் திருப்பினால் உள்சுவரெல்லாம் கற்கண்டு ஒட்டியதுபோல மின்னும். அது திராட்சையின் புளிப்பு உப்பு, ஆண்டாண்டாகப் படிந்தது.

கேள்வி: நிலா பார்த்துத்தான் பறிப்பீர்களாமே?

வேர் நாள், இலை நாள், பூ நாள், கனி நாள் என்று பிரித்துக் காட்டும் மரியா தூன் நாட்காட்டி சமையலறையில் தொங்குகிறது. புட்டியில் அடைப்பதற்கு அதைப் பார்ப்பார்கள். பறிப்புக்குப் பார்ப்பதில்லை. குலையில் அழுகல் கண்டுவிட்டால் எந்த நாளானாலும் கத்தரியை எடுக்க வேண்டியதுதான்.

கேள்வி: குடும்பச் சொத்து என்றால் பாகப்பிரிவினை வராதா?

வரும். பிரெஞ்சுச் சட்டப்படி மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் சொத்தில் முக்கால் பங்கு அவர்களுக்குச் சமமாகப் போயே ஆக வேண்டும். பிடித்த பிள்ளைக்கு எல்லாவற்றையும் எழுதிவைக்க முடியாது. பர்கண்டியில் க்ளோ த வூஜோ என்ற 50 ஹெக்டேர் தோட்டத்துக்கு இன்று சுமார் 80 சொந்தக்காரர்கள். எங்கள் மதாமுக்கு மூன்று பிள்ளைகள். நிலத்தை ஒரு குடும்பக் கூட்டமைப்பின் பெயரில் வைத்து, மூவருக்கும் பங்குகள் கொடுத்திருக்கிறார். உழுவது மகன் மட்டும், அக்கா தங்கைகளுக்குக் குத்தகை கட்டுகிறார். கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் குத்தகைப் பேச்சு வந்தால் நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

கேள்வி: "அங்கே மருந்தே அடிப்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். செம்பு மருந்து இல்லையா? இப்படிப் புளுகலாமா?

தப்புத்தான். வேகத்தில் எழுதிவிட்டேன். செயற்கை மருந்து அடிப்பதில்லை என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

1878 வாக்கில் அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் பிரெஞ்சுத் தோட்டங்களைத் தின்னத் தொடங்கியது. அப்போது போர்தோவை அடுத்த மெடோக் பகுதியில், வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தத்தையும் (செம்பின் நீல உப்பு) சுண்ணாம்பையும் கலந்து பூசிவைப்பார்கள். அந்தக் கொடிகளை மட்டும் நோய் தொடவில்லை என்பதைப் பேராசிரியர் மில்லார்தே கவனித்தார். 1885-இல் வெளியிட்டார். அதுதான் போர்தோ கலவை. பயோடைனமிக்காரர்களுக்கும் இன்றுவரை முக்கிய ஆயுதம் அதுவே.

செம்பு மக்காது. மழை இலையிலிருந்து கழுவி மண்ணில் சேர்த்துவிடும், அங்கேயே கிடக்கும். அளவு மீறினால் மண்புழுவுக்கு ஆகாது. மண்ணை எழுப்பக் கொம்புச் சாணம் தெளிக்கிற அதே மண்ணில்தான் இதுவும் விழுகிறது. இந்த முரண்பாட்டை மதாம் மறைப்பதில்லை, நான்தான் மறைத்துவிட்டேன். ஐரோப்பிய விதிப்படி ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு மொத்தம் 28 கிலோ, அதற்கு மேல் கூடாது. குதிரைவால் செடிக் கஷாயம் அடித்துச் செம்பைக் குறைக்கப் பார்க்கிறோம். சாதாரண ஆண்டில் அது எடுபடுகிறது.

2021 சாதாரண ஆண்டு இல்லை. அந்த ஜூலையில் மழை விடவேயில்லை. அடித்த மருந்து மறுநாளே கரைந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியலில், இரண்டு மழைக்கு நடுவே, முதுகில் தெளிப்பானோடு சரிவில் ஏறியது நினைவிருக்கிறது. டிராக்டர் சேற்றில் இறங்காது. இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளைப் பூசணம். சில வரிசைகளில் பாதிக்குமேல் போயிற்று. பக்கத்துத் தோட்டம் இலைக்குள் ஊடுருவும் மருந்து அடித்துப் பச்சையாகவே நின்றது.

சமையலறைக் கதவின் பின்னால், நிலா நாட்காட்டிக்குப் பக்கத்தில், ஒரு அட்டை தொங்குகிறது. ஆண்டுக்கு ஒன்றாக ஏழு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் செம்பு எத்தனை கிலோ என்று பேனாவால். 2021-இன் கட்டத்தில் இருக்கும் எண்ணின் மேல் இரண்டு கோடுகள். கீழே, 28-இல் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதை மட்டும் மதாம் பென்சிலால் எழுதியிருக்கிறார்; ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அழித்துத் திருத்துகிறார்.